ராஜபார்ட் கட்டிய ஷாங்காய்ப் பெண்கள்

கேள்வி: சீன நாடகத்தில் பெண் வேடத்தையே ஆண்கள்தான் கட்டினார்கள் என்றும், பெண்களுக்கு மேடையில் இடம் கொடுத்தது 1949ஆம் ஆண்டுப் புரட்சிதான் என்றும் என் நண்பர் அடித்துச் சொல்கிறார். பெண்களே ஆண் வேடமும் போடும் சீன நாடகம் என்பது அண்மையில் கிளம்பிய வேடிக்கைதானா?
– வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: உங்கள் நண்பர் பெய்ஜிங் நாடகத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சீனா முழுவதற்கும் தீர்ப்பு எழுதிவிட்டார். சிங் வமிச ஆட்சியில் தலைநகர மேடைகளில் பெண்கள் நடிக்கத் தடை இருந்தது உண்மை. மெய் லான்ஃபாங் போன்ற ஆண்கள் பெண் வேடத்தில் உலகப் புகழ் பெறும் அளவுக்கு அக்கலை அங்கே வளர்ந்ததற்கு அதுவே காரணம். ஆனால், தடை போட வேண்டியிருந்தது என்றாலே அதற்கு முன் மேடையில் பெண்கள் இருந்தார்கள் என்றுதானே பொருள்? ஷான்சி மாநிலத்தின் ஹோங்தோங் அருகே, நீர்த்தெய்வத்தின் கோயில் சுவரில் 1324இல் தீட்டிய ஓவியம் ஒன்று இன்றும் இருக்கிறது. அதில் நாடகக் குழு வரிசையாக நிற்கிறது. மேலே தொங்கும் துணியில் சோங்து சியூ என்ற நடிகையின் பெயர் எழுதியிருக்கிறது. நடுவில் சிவப்பு அங்கியும் அதிகாரியின் தொப்பியுமாக ஆண் வேடத்தில் நிற்பவர் அவரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

நீங்கள் கேட்கும் நாடகத்துக்கு யுவே நாடகம் என்று பெயர். 1906இல் ஜெஜியாங் மாநிலத்து ஷெங்சியன் வட்டாரத்தில், நெல் அடிக்கும் மரத்தொட்டிகளின் மேல் கதவுப் பலகைகளைப் பரப்பி, உழவர்கள் சிலர் ஆடிப் பாடியதில் அது பிறந்தது. அவர்கள் எல்லோரும் ஆண்கள். பெண் பிள்ளைகளுக்கான முதல் பயிற்சிக் குழு 1923இல்தான் தொடங்கியது. ஆனால் அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் ஷாங்காயில் ராஜபார்ட்டிலிருந்து கிழவன் வேடம்வரை எல்லாவற்றையும் பெண்களே எடுத்துக்கொள்ள, ஆண் நடிகர்கள் ஏறக்குறைய மறைந்தே போனார்கள். ஜப்பானியப் படையெடுப்புக்குத் தப்பி அந்நகருக்கு வந்து சேர்ந்த ஜெஜியாங் மக்களும், டிக்கெட் வாங்கி உட்கார்ந்த பெண்களும்தான் இதற்குக் காரணம். எந்த அரசாங்கமும் ஆணை பிறப்பிக்கவில்லை.

யுவான் சுவேஃபென்னை எடுத்துக்கொள்ளுங்கள். பதினொரு வயதில் குழுவில் சேர்ந்த ஏழைக் குடும்பத்துப் பெண். கதைச் சுருக்கத்தை வைத்துக்கொண்டு அவரவர் வாய்க்கு வந்ததைப் பாடும் வழக்கத்தை 1942இல் அவர் மாற்றத் தொடங்கினார். எழுதிய வசனம், இயக்குநர், ஒத்திகை என்று கொண்டுவந்து, அதற்கான செலவில் பெரும்பகுதியைத் தம் சம்பளத்திலிருந்தே கொடுத்தார். 1946இல் லூ சுன் எழுதிய விதவைப் பெண்ணின் கதையை அவர் மேடையேற்றினார். அதே ஆண்டு ஆகஸ்டில், ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த அவர்மீது மலம் நிறைந்த பொட்டலத்தை ஒருவன் வீசினான். அவர் நடிப்பை நிறுத்தவில்லை. மறு ஆண்டு, சொந்த அரங்கும் நாடகப் பள்ளியும் கட்டுவதற்காக, போட்டிக் குழுக்களின் முன்னணி நடிகைகள் பத்துப் பேர் ஒரே மேடையில் சேர்ந்து நடித்தார்கள். அந்தப் பதின்மரில் ஒருவரான சியாவ் டாங்குய், தம்மை ஆட்டிப் படைத்த குழு முதலாளியின் கொடுமை தாங்காமல், இரண்டு மாதம் கழிவதற்குள் உயிரை மாய்த்துக்கொண்டார். உங்கள் நண்பர் சொல்லும் புரட்சிக்கு அப்போது இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது.

அந்த முதலாளிகளின் பிடியைப் புரட்சி உடைத்தது என்பதை நான் மறுக்கவில்லை. மக்கள் சீனத்தின் முதல் வண்ணப் படமே யுவே நாடகம்தான்: ஆண் வேடமிட்டுப் படிக்கப் போகும் சூ யிங்தாயாக யுவான் சுவேஃபென், அவள் காதலிக்கும் மாணவனாக ஃபான் ருய்ஜுவான் என்ற மற்றொரு பெண். (காதலன் வேடத்தில் ஒரு பெண், ஆண் வேடமிடும் பெண்ணாக இன்னொரு பெண், தலை சுற்றினால் குற்றம் உங்களுடையதல்ல.) 1954இல் ஜெனீவா மாநாட்டுக்குப் போன சீனப் பிரதமர் சூ என்லாய், சீனத்து ரோமியோ ஜூலியட் என்று சொல்லி இந்தப் படத்தைத்தான் அயல்நாட்டாருக்குப் போட்டுக் காட்டச் செய்தார். ஆனால் அதே அரசுதான், யுவே நாடகத்தில் ஆண் நடிகர்களைச் சேர்க்க வேண்டும் என்று ஐம்பதுகளிலிருந்து முயன்றது. அந்த முயற்சியில் நல்ல நடிகர்கள் வந்தார்கள்; பார்க்க வந்தவர்களின் மனம் மட்டும் மாறவில்லை. 2023இல் ஹாங்சோவின் சிறிய அரங்கு ஒன்றில், ஆண் வேடமிட்ட சென் லிஜுன் உடன் நடித்த பெண்ணை ஒரு கையால் அணைத்துச் சுழன்ற சில நொடிக் காட்சி கைப்பேசிகளில் பரவியது. டிக்கெட்டுக்கு இளம்பெண்கள் முண்டியடித்தார்கள். சென் லிஜுன் பிறந்த ஊர், அந்த மரத்தொட்டிகள் இருந்த ஷெங்சியன் வட்டாரம்தான்.