பார்வோனின் இருதயத்தைக் கடினப்படுத்தியது யார்?

கேள்வி: நாங்கள் தலைமுறை தலைமுறையாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையார். என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். அடுத்த மாதம் பேராயர் வந்து, பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே வாக்காகச் சொல்லும் திடப்படுத்தல் ஆராதனை நடத்துகிறார். வெள்ளைச் சட்டைகூட எடுத்தாயிற்று. இப்போது போய், "எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை, சும்மா நின்று வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்கிறான். கோபத்தில், "உன் இருதயம் பார்வோன் இருதயம் மாதிரிக் கடினமாகிவிட்டது" என்று சொல்லிவிட்டேன். உடனே வேதத்தைத் திறந்து, "பார்வோன் இருதயத்தைக் கடினப்படுத்தினது கர்த்தர்தானே? செய்ய வைத்தவரே தண்டித்தால் அது என்ன நியாயம்? எல்லாம் அவருக்கு முன்பே தெரியும் என்றால் நான் எதைத் தேர்ந்தெடுக்கிறேன்?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. முதலில் கீழ்ப்படியட்டும், கேள்வியெல்லாம் அப்புறம் என்கிறார் அவன் அப்பா. பிள்ளைகளை அடக்காததால் ஏலிக்கு வந்த நியாயத்தீர்ப்பு எங்கள்மேலும் வருமோ என்று பயமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்

அன்புச் சகோதரிக்கு,

கோபத்தில் சொல்ல உங்களுக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா? பார்வோனை இழுத்தால் எந்தப் பையனும் அந்தக் கேள்வியைத்தான் கேட்பான். பவுலே ரோமர் 9ஆம் அதிகாரத்தில் அதை ஒருவன் கேட்பதாக எழுதி வைத்திருக்கிறார்: அவருடைய சித்தத்தை எதிர்த்து நிற்க யாரால் முடியும், பிறகு ஏன் குற்றம் பிடிக்கிறார் என்று. ஆகவே உங்கள் மகன் விசுவாசத்தைவிட்டு வெளியே போய் நின்று இதைக் கேட்கவில்லை, வேதத்துக்கு உள்ளேயிருந்துதான் கேட்டிருக்கிறான்.

அவன் காட்டியது ஒரு வசனம். இஸ்ரவேல் ஜனங்களை அனுப்ப மறுத்த எகிப்து ராஜா பார்வோன்மேல் வாதைகள் வரும் பகுதி, யாத்திராகமம் 7 முதல் 11 வரை, ஒரே மூச்சில் இருவரும் உட்கார்ந்து வாசியுங்கள். அரைமணி நேரம்கூட ஆகாது. முதல் ஐந்து வாதைகளில் ஒன்றில்கூட, கர்த்தர் அவன் இருதயத்தைக் கடினப்படுத்தினார் என்று கதை சொல்லவில்லை. இருதயம் கடினப்பட்டது என்று வரும், அல்லது பார்வோன் தானே கடினப்படுத்திக்கொண்டான் என்று வரும். ஆறாவது வாதையில், உடம்பெல்லாம் கொப்புளம் கிளம்பிய பிறகுதான், 9:12இல், கர்த்தர் செய்தார் என்று முதல்முறையாக வருகிறது. அதோடு கதவு அடைபட்டதா என்றால், அதுவும் இல்லை. அடுத்த வாதையில் கல்மழை கொட்டியதும் பார்வோன் மோசேயைக் கூப்பிட்டு, இந்த முறை நான் பாவம் செய்தேன் என்கிறான். மழை நின்றது. 9:34ஐப் பாருங்கள், மறுபடியும் அவனே தன் இருதயத்தைக் கடினப்படுத்துகிறான்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் தவளை வாதை. படுக்கையில் தவளை, அடுப்பில் தவளை, மாவு பிசைகிற தொட்டியில் தவளை. எப்போது போக வேண்டும் என்று மோசே கேட்கிறார். இந்த நிமிஷமே என்றுதானே யாரும் சொல்வார்கள்? ராஜா சொன்ன பதில்: நாளைக்கு. இன்னும் ஒரு ராத்திரி தவளைகளோடு படுத்துக்கொள்ள அவனை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

எபிரெய மூலத்தில் இன்னும் சுவாரசியம் இருக்கிறது. நம் வேதாகமத்தில் 'கடினம்' என்று வருகிற இடங்களில் அங்கே மூன்று வேறு வினைகள் உண்டு. வாதைகளின் கதையில் பார்வோன் தானே செய்துகொண்டான் என்று வரும் மூன்று இடத்திலும் (8:15, 8:32, 9:34) இருப்பது 'காபேத்' என்பதன் வடிவம். அதற்குப் பொருள் பாரம், கனம். நம் பேச்சில் 'நெஞ்சழுத்தம்' என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். எகிப்தியர் நம்பிக்கையில் இறந்தவனின் இருதயத்தைத் தராசில் வைத்து, 'மாஆத்' என்னும் நீதித் தெய்வத்தின் இறகுக்கு எதிராக நிறுப்பார்கள். குற்றத்தால் கனத்த இருதயத்தை ஒரு கோர மிருகம் விழுங்கிவிடும். அந்த நாட்டு ராஜா தன் இருதயத்தைத் தானே கனமாக்கிக்கொண்டான் என்று எழுதினால், நியாயத்தீர்ப்பு எங்கே தொடங்கியது என்று சொல்லியாயிற்று. எழுதியவருக்கு எகிப்தியரின் தராசு மனதில் இருந்ததா என்று நிரூபிக்க முடியாது. எனக்கு என்னவோ இருந்திருக்கும் என்றே படுகிறது.

கர்த்தர் செய்ததாகச் சொல்லும்போது பெரும்பாலும் வருவது 'ஹாசாக்' என்ற வேறு வினை. பலப்படுத்துதல், உறுதியாக்குதல் என்பது அதன் பொருள். யோசுவாவிடம் "பலங்கொண்டு திடமனதாயிரு" என்று சொல்கிறாரே, அங்கே 'பலங்கொண்டு' என்பதும் இதே வினைதான். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் இருந்த யூத உரையாசிரியர் ஒபதியா ஸ்போர்னோ இதை இப்படி எடுத்துக்கொண்டார்: வலி தாங்காமல் ஜனங்களை அனுப்பினால் அது மனந்திரும்புதல் ஆகாது. அடிக்குப் பயந்து பணியாமல், தன் மனதில் உள்ளதையே செய்வதற்கான தெம்பைத்தான் கர்த்தர் கொடுத்தார். அதாவது, அவனுடைய சுயசித்தத்தைப் பறிக்கவில்லை, அதை வலியிலிருந்து காப்பாற்றினார். உங்கள் வீட்டில் அடுத்த மாதம் நடக்கப்போவதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது, பின்னால் வருகிறேன். 3ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் வேறொரு உவமை சொன்னார். ஒரே வெயில்தான், மெழுகு உருகுகிறது, சேறு இறுகுகிறது.

இத்தனை சொன்ன பிறகும் பையன் 4:21ஐத் திருப்பிக் காட்டுவான். மோசே எகிப்துக்குக் கிளம்பும் முன்பே, நான் அவன் இருதயத்தைக் கடினப்படுத்துவேன் என்று கர்த்தர் சொல்லிவிடுகிறார். ரோமர் 9ஐயும் காட்டுவான். காட்டட்டும், மழுப்ப வேண்டாம். முன்பே தெரிந்திருப்பது என்பது வேறு, செய்ய வைப்பது என்பது வேறு என்று ஆதிச் சபையின் பேராயர் அகுஸ்தீன் ஒரு நல்ல வாதம் வைத்தார். நடந்ததை நீ நினைவில் வைத்திருப்பதால் அது நடந்துவிடவில்லையே, அதுபோல் நடக்கப்போவதை தேவன் அறிந்திருப்பதால் அது கட்டாயமாகிவிடாது என்று. ஆனால் அதே அகுஸ்தீன் பிற்காலத்தில், மனிதன் தன் சித்தத்தாலேயே நன்மை செய்ய முடியும் என்ற பெலாகியுஸோடு மோதும்போது, கிருபை இல்லாமல் மனிதன் தன் சித்தத்தால் மட்டும் நன்மைக்குத் திரும்ப முடியாது என்பதில் மிகவும் கண்டிப்பானார். 418இல் கார்த்தேஜில் கூடிய திருச்சபைச் சங்கம் பெலாகியுஸின் பக்கத்தை நிராகரித்தது. சண்டை முடிந்துவிடவில்லை. 1524இல் எராஸ்முஸ் சுயாதீன சித்தத்துக்காக எழுத, மறு வருஷமே லூத்தர் அது அடிமைப்பட்ட சித்தம் என்று பதில் எழுதினார். 1618–19இல் டச்சு நாட்டு டார்ட் சங்கத்தில், இரட்சிப்பு தேவனுடைய முன்தெரிவு என்ற கால்வின் வழியார், மனிதன் கிருபையை ஏற்கவும் மறுக்கவும் முடியும் என்ற அர்மினியுஸ் வழியாரைத் தள்ளினார்கள். பிறகு வந்த, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, அர்மினியுஸ் பக்கம்தான் என்று தயங்காமல் நின்றார்.

இதில் உங்கள் சபைக்கு ஒரு தனிக் கதை உண்டு. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றாக வந்தன. வெஸ்லியின் பேரப்பிள்ளைகளும் கால்வினின் பேரப்பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே திருவிருந்தில் பங்கெடுக்கிறார்கள். டார்ட் சங்கத்தின் தீர்ப்பில் உனக்குச் சம்மதமா என்று கேட்டு யாரும் அப்பம் கொடுப்பதில்லை. அப்படியிருக்க, 16 வயதுப் பையனிடம் மட்டும் எல்லாம் தீர்ந்திருக்க வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறீர்கள்?

சரி, ஏலி. பயம் புரிகிறது, ஆனால் ஆளை மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள். ஏலியின் மகன்கள் ஓப்னியும் பினெகாசும் ஆசாரியர்கள். பலி கொண்டுவந்தவர்களிடம் இறைச்சியைப் பலவந்தமாகப் பிடுங்கினார்கள், வாசலில் ஊழியம் செய்த பெண்களிடம் தவறாக நடந்தார்கள். வெளியே பார்த்தால் ஊழியக்காரர்கள், நம்பிக்கை ஒன்றும் கிடையாது. மனதில் இல்லாததை வாயால் சொல்ல மாட்டேன் என்கிற உங்கள் பிள்ளை அவர்களுக்கு நேர் எதிர். பிதாவின் அக்கிரமத்தைக் குமாரனோ, குமாரனுடையதைப் பிதாவோ சுமப்பதில்லை என்பது எசேக்கியேல் 18இல் இருக்கிறது. அதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி தூக்கம் வரும்.

அவன் அப்பாவுக்கு: கீழ்ப்படிதல் என்றால் என்ன என்று இயேசுவே ஒரு கதை சொல்லியிருக்கிறார், மத்தேயு 21இல். திராட்சத்தோட்டத்தில் வேலை செய்யப் போ என்றதும் ஒரு மகன் மாட்டேன் என்றான், பிறகு மனம் மாறிப் போனான். இன்னொருவன் போகிறேன் ஐயா என்றான், போகவில்லை. தகப்பன் சொன்னபடி செய்தது யார் என்று கேட்டார். அந்தக் கதையை வைத்துப் பார்த்தால், கட்டாயத்தின் பேரில் உங்கள் மகன் பேராயர் முன்னால் முழங்காலில் நிற்பது "போகிறேன் ஐயா" என்பதாகத்தான் முடியும். பார்வோனிடம் வலிக்குப் பயந்த சம்மதத்தைக் கர்த்தர் விரும்பவில்லை என்று ஸ்போர்னோ சொன்னாரே, அப்பாவுக்குப் பயந்த சம்மதத்தை மட்டும் விரும்புவாரா? நானும் அந்த வயதில் எல்லாக் கேள்விக்கும் தப்பில்லாமல் பதில் சொல்லித் திடப்படுத்தல் எடுத்தவன்தான். பேராயர் கை தலையில் இருந்தபோது வீட்டுப் பிரியாணியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குப் பரம சந்தோஷம். எனக்கு அது வாக்குத்தான் என்று உறைக்கப் பத்து வருஷம் ஆனது.

செய்ய வேண்டியது: பார்வோன் என்று சொன்னதற்கு அவனிடம் வருத்தம் தெரிவியுங்கள், இன்றைக்கே. பிறகு அவனையே உங்கள் சபை ஐயரிடம் (போதகரிடம்) போய், இந்த முறை வேண்டாம், வகுப்புக்கு மட்டும் தொடர்ந்து வருகிறேன் என்று சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் கூடப் போங்கள், பேச வேண்டாம். ஞாயிறு ஆராதனைக்கு வருவதும் வராததும் பற்றி ஒரு மாதம் வாயைத் திறக்காதீர்கள். யோபு புத்தகத்தைக் கையில் கொடுங்கள். அதில் தேவனிடம் வழக்காடியவனைப் பார்த்து, இவன்தான் என்னைப்பற்றிச் சரியாகப் பேசினான் என்றும், அவருக்காக வக்காலத்து வாங்கிய நண்பர்கள்மேல் கோபம் என்றும் கடைசி அதிகாரத்தில் வருகிறது. அவன் வயதுக்கு அது பிடிக்கும்.

பேராயர் அடுத்த முறையும் வருவார். பிளஸ் ஒன் படிக்கிற பையன், அதற்குள் தோள் அகன்று எடுத்த வெள்ளைச் சட்டை பத்தாமல் போகலாம். தம்பி யாராவது இருந்தால் அவனுக்கு ஆகும்.