பாக்கி எழுதிய டிக்கெட் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் அப்பா இறந்து இன்றோடு 43 நாள் ஆகிறது. அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரும்பாலும் துறையூர் – திருச்சி தடத்தில்தான் ஓடினார். வயது 71. வாதம் வந்து விழுந்தார். 19 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உறவுக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். போகும்போது எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: “தங்கமான மனுஷன். இனிமே அதையே நெனச்சுக்கிட்டு இருக்காத.” தெருமுனையில் வைத்த கண்ணீர் அஞ்சலி பேனரிலும் பண்பாளர், பாசமிகு தந்தை என்றுதான் போட்டிருந்தது. அதிலிருந்த படம் என் கல்யாண போட்டோவிலிருந்து எடுத்தது. அசல் படத்தில் அப்பா தோளில் என் கை இருக்கும். பேனர் அடித்தவர் அந்தக் கையை அழித்துவிட்டுப் பின்னால் நீல வானம் வைத்திருந்தார்.

கண்ணை மூடினால் எனக்கு அந்த 19 நாள்தான் வருகிறது. மூக்கில் குழாய், ஒரு பக்கம் கோணிய வாய். “தண்ணி” என்று கேட்டார். வாயில் தண்ணீர் விடக்கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்தேன். மறுபடி கேட்டார். மறுபடி துடைத்தேன். அப்பா கடைசியாக என்னிடம் கேட்டது அதுதான். அதை நான் கொடுக்கவில்லை. அதற்கு முந்தைய அப்பாவின் முகம் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது.

எழுதிப் பார்க்கலாம் என்று ஒரு நோட்டு வாங்கினேன். “என் அப்பா மிகவும் நல்லவர், உழைப்பாளி” என்று எழுதினேன். அதற்குமேல் ஓடவில்லை. சாதனை என்று எதுவும் இல்லை. வீட்டில்கூட நின்றுகொண்டேதான் காபி குடிப்பார். ரூபாய் நோட்டை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போவார். எனக்குத் தரவேண்டிய காசு கையில் இல்லையென்றால் பழைய டிக்கெட்டின் பின்னால் “5 ரூ” என்று எழுதிச் சுழித்துக் கொடுப்பார். மறுநாள் அதைக் காட்டிக் காசை வாங்கிக்கொள்ள வேண்டும். கோபம் வந்தால் இரண்டு மூன்று நாள் யாரிடமும் பேசமாட்டார். இதையெல்லாமா எழுதுவது?

போனவர்களை எப்படி நினைத்துக்கொள்வது ஐயா?

ம.
துறையூர்

*

அன்புள்ள ம.,

முதலில் அந்தத் தண்ணீரைப் பற்றிப் பேசிவிடுகிறேன். வாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்கும் தசைகள் ஒழுங்காக வேலை செய்யாது. வாயில் விடும் தண்ணீர் இரைப்பைக்குப் போகாமல் மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம். அது நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரலாம். மூக்குவழியாகக் குழாய் போடுவதே அதனால்தான். உடம்புக்கு வேண்டிய தண்ணீர் அந்தக் குழாய் வழியாக அப்பாவுக்குப் போய்க்கொண்டுதான் இருந்திருக்கும். நாக்குக்குத்தான் கிடைக்கவில்லை. நாக்குக்கு முடிந்ததை நீங்கள் பஞ்சில் நனைத்துக் கொடுத்தீர்கள். இதெல்லாம் தெரிந்தாலும் மனசு ஆறாது, கேட்டவர் அப்பா அல்லவா. நோட்டில் அதையும் எழுதுங்கள். எழுதாமல் தவிர்த்தால் மற்ற எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு அதுவே முன்னால் நிற்கும்.

என் அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. கடைசி நான்கு மாதம் படுக்கைதான். புரட்டிப் படுக்கவைப்பது, முதுகில் பவுடர் போடுவது, மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைப்பது என்று நாள் போகும். காரியம் முடிந்து கட்டிலைக் கழற்றி மாடிக்கு ஏற்றிய பிறகும் என் கைக்கு அந்த வேலைதான் நினைவிருந்தது. அம்மா என்றால் எலும்பு துருத்திய ஒரு முதுகு, அவ்வளவுதான். 78 வருஷம் வாழ்ந்தவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நான்கு மாதம்.

அப்படி இருந்தபோது ஒருநாள் சாயங்காலம் பூக்காரம்மா வாசலில் வந்து நின்றார். மகள் பிரசவத்துக்காக ஊருக்குப் போய் மூன்று மாதம் கழித்து அன்றைக்குத்தான் திரும்பியிருந்தார். அவருக்கு விஷயமே தெரியாது. சொன்னதும் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து அழுதார். அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னார்: “தம்பி, என் கை நீளக் கை. அந்தக் கையில அளந்தா எனக்குப் பூ கூடப் போகும்னு, அம்மா ஒரு நாளும் என் கையில அளக்க விட்டதில்ல. அவங்க குட்டைக் கைய நீட்டி, இதுல அளடீம்பாங்க. முழத்துக்கு நாலு வெரக்கடை மிச்சம் எனக்கு.”

எனக்கு இது தெரியாது. கீரைக்காரரிடம் இரண்டு ரூபாய்க்காக அரைமணி நேரம் பேரம் பேசுகிறவள் அம்மா. அவள் கைப்பிடித்தம் எங்கள் குடும்பத்தில் பெரிய பேச்சு. அதே அம்மா தினமும் வாசலில் கையை நீட்டி நாலு விரல்கடை பூவை விட்டுக்கொடுத்திருக்கிறாள். வீட்டில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அன்று ராத்திரி எனக்கு அம்மா எழுந்து நின்றுவிட்டாள். கேட்டுக்கு மேலே கையை நீட்டிக்கொண்டு, பூ சிக்காமல் இருக்க வளையலை முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டு நின்றாள். அந்த முகத்தில் நோயே இல்லை.

எத்தனை முட்டிமோதியும் வராத முகம், எனக்குத் தெரியாத ஒரு விஷயம் வந்து சேர்ந்ததும் தானாக வந்தது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்: தனியாக உட்கார்ந்து அப்பாவை வரவழைக்கப் பார்க்காதீர்கள். அவர் உங்களிடம் மட்டும் இருந்தவர் இல்லை. ஊர் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கிறார்.

இனி, “இதையெல்லாமா எழுதுவது” என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். புறநானூற்றில் 235ஆம் பாட்டு, அதியமான் இறந்தபோது ஔவையார் பாடியது. அதியமான் தகடூரை, இன்றைய தருமபுரியை, ஆண்டவன். மார்பில் வேல் பாய்ந்து இறந்தவன். சாதனையைச் சொல்ல வேண்டுமென்றால் வென்ற போர்களில் தொடங்கியிருக்கலாம். ஔவை தொடங்குவது இப்படி: “சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே.” கொஞ்சமாகக் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் குடித்துப் பாட, மிச்சத்தைத் தான் குடித்து மகிழ்வான். எலும்பும் கறியுமாகச் சாப்பாடு இருக்கும் இடமெல்லாம் எங்களுக்கு, அம்பும் வேலும் நுழைகிற இடமெல்லாம் அவனுக்கு. அடுத்து, நரந்தம் மணக்கும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக்கொடுப்பான் என்கிறார். ஒரு அரசனுக்கான இரங்கல் பாட்டில் கள்ளின் அளவும் கையின் மணமும் தன் தலையின் நாற்றமும்தான் வருகின்றன. ஈராயிரம் வருஷம் ஆகியும் அந்த மனிதன் கண்முன் நிற்பது இவற்றால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வரிக்கு வரி “மன்னே” என்று வருவதைப் பாருங்கள். மன் என்ற சொல்லுக்குத் தொல்காப்பியம் மூன்று பொருள் சொல்கிறது. அதில் ஒன்று கழிவு. இருந்தது, இப்போது போய்விட்டது என்று பொருள். உரைகாரர்கள் அதற்கு எடுத்துக்காட்டாகத் தருவது இந்தச் “சிறியகட் பெறினே” வரியைத்தான். கல்லூரியில் இதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். அம்மா போன பிறகு ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபோது மூன்றாவது மன்னேயில் தொண்டை அடைத்துக்கொண்டது. இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது. ஔவை “ஈந்தான்” என்று சொல்லவில்லை. “ஈயும்” என்கிறார். நீங்களும் “காபி குடித்தார்” என்று எழுதவில்லை, “குடிப்பார்” என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். நம் மொழியில் போனவரின் வழக்கத்தைச் சொல்வதும் நாளைக்குச் செய்யப்போவதைச் சொல்வதும் ஒரே வினைதான். நின்றுகொண்டே காபி குடிப்பார். நோட்டை நீளவாக்கில் மடிப்பார். வரிக்கு வரி ஒரு மன்னே போட்டுக்கொள்ளுங்கள், நீங்கள் எழுதத் தொடங்கியாகிவிட்டது. நோட்டில் எழுதிய அந்த முதல் வரியை அடித்துவிட்டு, எனக்கு எழுதிய கடிதத்தில் காபியிலிருந்து கோபம் வரை சொன்னதை அங்கே ஒட்டுங்கள்.

அந்தப் பாக்கி டிக்கெட்டைப் பற்றி இன்னும் எழுதுங்கள். பஸ்ஸில் போய் வந்தவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். சில்லறை இல்லையென்றால் கண்டக்டர் டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுப்பார். இறங்குகிற அவசரத்தில் கேட்க மறந்து, வீட்டுக்கு வந்து சட்டைப்பையில் பார்த்து நொந்துகொள்ளாதவர் யார்? உங்கள் அப்பா வேலையில் செய்ததையே வீட்டுக்கும் கொண்டுவந்திருக்கிறார், பெற்ற மகளுக்கும் எழுத்தில் பாக்கி வைத்திருக்கிறார். 5 போட்டதும் அதைச் சுற்றிச் சுழித்தாரா, அடியில் கோடு இழுத்தாரா? எந்தப் பேனா, எந்தப் பையில் செருகியிருப்பார்? நீங்கள் காசு கேட்காமல் டிக்கெட்டையே வைத்துக்கொண்ட நாள் உண்டா? பழைய பள்ளிக்கூடப் புத்தகங்கள் பரணில் இருந்தால் ஒவ்வொன்றாக உதறிப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு வழக்கம் உண்டு. 31ஆம் நாள் செய்யும் அந்தியேட்டி என்ற சடங்குக்கு வருகிறவர்களுக்கு ஒரு சிறு புத்தகம் அச்சிட்டுக் கொடுப்பார்கள். கல்வெட்டு என்பார்கள், நினைவு மலர் என்றும் சொல்வார்கள். இறந்த வருஷம், மாதம், திதியைச் சொல்லும் வெண்பா, தேவார திருவாசகம், வாழ்க்கை வரலாறு, வம்சவழி எல்லாம் அதில் இருக்கும். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய நூலகம் இந்த மலர்களையும் தேடி எடுத்து மின்வடிவில் சேர்த்து வைத்திருக்கிறது. தூக்கம் வராத இரவுகளில் நான் அவற்றைப் படிப்பதுண்டு. முன்பின் தெரியாத ஆசிரியர்கள், கடை வைத்திருந்தவர்கள், பிள்ளைகளைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டு வீட்டைக் காத்த தாய்மார்கள். அவற்றிலும் பண்பாளர், பெருந்தகை என்ற சொற்கள் நிறைய உண்டு. பேரப்பிள்ளை எழுதிய பக்கம் என்று ஒன்று இருந்தால் நான் அங்கேதான் முதலில் போவேன், ஆள் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார். நம் பக்கத்தில் பேனர் வைப்பதற்குப் பதில் இப்படி நாற்பது பக்கம் போட்டுவிடலாம். தலைத் திவசத்துக்கு நீங்கள் ஒன்று போடுங்களேன்.

அதற்கு ஆளைத் தேடிப் போகவேண்டும். டெப்போவுக்குப் போய், அப்பாவோடு அதிக வருஷம் ஓடிய டிரைவர் யார் என்று விசாரியுங்கள். கண்டக்டரும் டிரைவரும் ஒருவரையொருவர் பார்த்த அளவுக்கு வீட்டில் யாரும் அவர்களைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் “அப்பா எப்படிப்பட்டவர்?” என்று கேட்காதீர்கள். தங்கமான மனுஷன் என்ற பதில்தான் வரும். கடைசி டிரிப் முடிந்து காசு எண்ணும்போது எங்கே உட்காருவார், புலிவலத்தில் டீக்கு நிறுத்துவார்களா மண்ணச்சநல்லூரிலா, கணக்கில் காசு குறைந்த அன்று என்ன செய்வார், திருவெள்ளறைக் கோயிலைத் தாண்டும்போது கும்பிடுவாரா என்று கேளுங்கள். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொல்ல ஆரம்பிப்பார். குறுக்கே பேசாமல் கேளுங்கள். முடிந்தால் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

போன் என்றதும் ஒரு அவசரமான விஷயம். அப்பாவின் போனில் வாட்ஸாப் இருந்தால், அவர் பேசி அனுப்பிய குரல் பதிவுகளை இந்த வாரமே வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் சில மாதங்களில் வேறு ஒருவருக்குப் போய்விடும். வாட்ஸாப் கணக்கையும் 120 நாள் பயன்படுத்தாமல் விட்டால் அழித்துவிடுவார்கள். அப்பா விழுந்த நாளிலிருந்து கணக்கிட்டால் அதில் 62 நாள் போயிருக்கும். “வரும்போது தயிர் வாங்கிட்டு வா” என்று ஒன்று இருந்தால் போதும், அதைவிடப் பெரிய சொத்து வேறில்லை. அம்மாவின் குரல் என்னிடம் ஒன்றுகூட இல்லை.

கோபம் வந்தால் இரண்டு மூன்று நாள் பேசமாட்டார் என்றீர்கள். அதை விட்டுவிடாதீர்கள். அந்த மௌனம் எப்படி முடியும்? முதலில் வாயைத் திறப்பது யார்? என்ன சொல்லித் திறப்பார்? என் நோட்டில் அம்மா என் மனைவியைச் சொன்ன ஒரு கடுமையான வார்த்தை இருக்கிறது. எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “எழுதுங்க. அது இல்லேன்னா அது அத்தை இல்ல” என்றாள். அந்த வார்த்தைக்கு அடுத்த பக்கத்தில், தனக்குப் பிரசவமான நாளில் அம்மா ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றதை அவளே தன் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.

நினைக்காதே என்று சொன்ன உறவுக்காரர்கள் மேல் வருத்தம் வேண்டாம், நீங்கள் அழுவதைப் பார்க்க அவர்களுக்குப் பொறுக்கவில்லை. அடுத்தமுறை வரும்போது அந்த நோட்டைக் கொடுத்து ஆளுக்கு ஒரு சம்பவம் எழுதச் சொல்லுங்கள். எழுத வராதவர்கள் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

சுவரில் இப்போது மாட்டியிருப்பது பேனருக்குச் செய்த படம்தான் என்று நினைக்கிறேன். கல்யாண ஆல்பத்தை எடுத்து அந்த அசல் போட்டோவைக் கண்டுபிடியுங்கள். பின்னால் பந்தலும் வாழைமரமும் யாரோ ஒரு குழந்தையின் பாதித் தலையும் இருந்தால் இருக்கட்டும், எதையும் அழிக்கவேண்டாம் என்று ஸ்டூடியோவில் சொல்லி, அப்பா தோளில் உங்கள் கையோடு அப்படியே பெரிதாக்கி மாட்டுங்கள்.

அன்புடன்.