மகள் விளையாட்டுத் துறைக்குத்தான் போவேன் என்கிறாள்: ஒரு தாய்க்குப் பதில்

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளுக்குத் தேர்வு அணியில் இடம் கிடைக்கவில்லை. அப்படியும் விளையாட்டுத் துறை சார்ந்துதான் படிப்பேன், அதில்தான் வேலைக்குப் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "ஆடத் தெரிந்தவர்களுக்கே அங்கே வழியில்லை, ஆடாதவளுக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வியின் முதல் பாதி நியாயமானது. ஆடியே பிழைப்பது கஷ்டம்தான். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பே, தன் வீரர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போவதில்லை என்கிறது. ஏன் இப்படி என்பதற்கு ஷெர்வின் ரோசன் என்ற பொருளியலாளர் 1981-இல் நல்ல விளக்கம் கொடுத்தார். ஒரு ஆட்டத்தைக் கோடிக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் திரையில் பார்க்க முடிகிறது என்றால், முதலிடத்தில் இருப்பவரை விட்டுவிட்டு ஐம்பதாவது ஆளை யார் பார்ப்பார்கள்? திறமையில் நூலிழைதான் வித்தியாசம்; வருமானத்திலோ மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

இரண்டாம் பாதியில்தான் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. ஒரு நாட்டின் விளையாட்டுத் தொழில் என்றதும் நம் கண்ணுக்குத் தெரிவது லீக் போட்டிகள், ஏலம், ஒளிபரப்பு உரிமை. கேமரா அங்கே இருப்பதால் பணம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். நீச்சல் கற்றுக்கொள்கிற குழந்தை, ஜிம்முக்குப் போகிற அலுவலர், ஓட்டத்துக்கென்று ஷூ வாங்குகிறவர், முழங்கால் வலிக்கு இயன்முறை மருத்துவரிடம் போகிறவர் என்று ஆடுகிறவர்களும் உடற்பயிற்சி செய்கிறவர்களும் செலவழிப்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தத் தொழிலின் உண்மையான அளவு தெரியும். அமெரிக்க அரசு, வெளிப்புறப் பொழுதுபோக்குக்கென்றே தனியாகக் கணக்கு எடுக்கிறது. படகு, மீன்பிடிப்பு, முகாம், மலையேற்றம் மாதிரியான சங்கதிகள் அதில் அடங்கும். 2023-இல் அது அந்நாட்டு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 சதவீதம், சுமார் 50 லட்சம் வேலைகள்.

இவ்வளவு வேலைகள் இருந்தும் நம் கண்ணில் படாததற்கு ஒரு காரணம், இவை எல்லாம் ஒரே தலைப்பின் கீழ் இல்லாததுதான். தொழில்களைப் பிரிக்க ஐ.நா. வகுத்த பட்டியலில் கிளப்புகளும் மைதானங்களும் 93-ஆம் பிரிவில் வருகின்றன. விளையாட்டுப் பொருள் தயாரிப்புக்கு எண் 3230. அது உற்பத்தித் துறை. பயிற்சி கொடுப்பதற்கு எண் 8541. அது கல்வித் துறை. ஷூ காலணித் தொழிலுக்குள் போய்விடுகிறது, ஒளிபரப்பு இன்னொரு இடத்தில். இதையெல்லாம் ஒன்றுசேர்த்துக் கணக்கிட ஐரோப்பிய நாடுகள் 2007-இல் வில்னியஸ் வரையறை என்று ஒரு பொதுவான வரையறைக்கு வந்தன. அதன்படி 2012-க்குப் போட்ட கணக்கில், ஐரோப்பிய ஒன்றியத்தின் உற்பத்தியில் 2.12 சதவீதமும் வேலைவாய்ப்பில் 2.72 சதவீதமும் விளையாட்டுத் தொடர்புடையவை.

அந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பாருங்கள் அம்மா. வேலையின் பங்கு அதிகம், பணத்தின் பங்கு குறைவு. அதாவது, தலைக்கு உருவாகும் மதிப்பு சராசரியைவிடக் கம்மி. ஆள் நிறைய வேண்டும், சம்பளம் பெரிதாக இருக்காது, பகுதி நேரமும் ஒப்பந்தமும் அதிகம், ஊரே ஓய்வெடுக்கிற மாலையும் விடுமுறையும்தான் வேலை நேரம். இதை உங்கள் மகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கல்லூரி விளம்பரங்கள் சொல்லாது.

சரி, அதே துறையில் நல்ல சம்பளம் யாருக்கு? ஒரு நீச்சல்குளத்தை எடுத்துக்கொள்வோம். பம்பு ஓட வேண்டும், வடிகட்டி ஓட வேண்டும், குளோரின் போட வேண்டும், உயிர்காப்பாளர் உட்கார்ந்திருக்க வேண்டும். பத்துப் பேர் நீந்தினாலும் நூறு பேர் நீந்தினாலும் இந்தச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். காலை இரண்டு மணி நேரமும் மாலை மூன்று மணி நேரமும் கூட்டம் தாங்காது. நடுப்பகலில் தண்ணீர் சும்மா கிடக்கும். குளம் பிழைப்பதும் மூடுவதும் அந்த நடுப்பகல் கையில். பள்ளிகளோடு பேசி வகுப்புகளைக் கொண்டுவரலாம். முதியோருக்குக் கட்டணத்தைக் குறைத்து அந்த நேரத்துக்கு வரவழைக்கலாம். மூட்டு வலிக்காரர்களுக்கு நீர்ப்பயிற்சி ஏற்பாடு செய்யலாம். எவ்வளவு குறைத்தால் எத்தனை பேர் வருவார்கள், மாலையில் வருகிறவர்களும் மலிவு நேரத்துக்கு மாறிவிடுவார்களா என்று கணக்குப் போடத் தெரிந்த ஒருவரை எந்த நிர்வாகமும் விடாது. இது சுத்தமான பொருளியல். இதற்கு நீச்சல் தெரிந்திருக்கவேண்டிய அவசியமே இல்லை.

லீக் பக்கமும் கணக்கு சுவாரசியமானதுதான். கடைக்காரருக்கு எதிர்க்கடை மூடினால் லாபம். அணிக்கு எதிரணி நொடித்துப்போனால் டிக்கெட் விற்காது. வால்டர் நீல் என்ற பொருளியலாளர் 1964-இல் எழுதியது இதைத்தான். அதனால்தான் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் பரம எதிரிகளும் நாடு முழுவதற்குமான ஒளிபரப்பு வருமானத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது கடைசி இடத்தில் இருந்த அணிக்கு முதல் வாய்ப்பு. உங்கள் மகளுக்கு இதைக் கேட்டதும் ஆர்வம் பொங்குகிறதா என்று பாருங்கள். பொங்கினால், அவளுக்கு ஆட்டத்தின் மேல் மட்டுமல்ல, அதன் கணக்கின் மேலும் ஆசை இருக்கிறது.

பெரிய போட்டிகளை நம்பி மட்டும் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். 1976 ஒலிம்பிக்கின் கடனை, அதை நடத்திய கனடாவின் மாண்ட்ரியல் நகரம் 2006-இல்தான் கட்டி முடித்தது. மைதானம் கட்டினால் ஊர் செழிக்கும் என்ற பேச்சைப் பெரும்பாலான பொருளியலாளர்கள் நம்புவதில்லை. டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு, சினிமாவுக்கோ ஓட்டலுக்கோ போயிருக்க வேண்டிய காசுதானே! விழா முடிந்ததும் விழாவுக்காக எடுத்த வேலைகளில் பெரும்பாலானவையும் முடிந்துவிடும்.

இனி படிப்பு. என் கருத்து, முதல் பட்டம் விளையாட்டுக்கு வெளியிலும் செல்லுபடியாக வேண்டும். பொருளியல், புள்ளியியல், கணக்குப்பதிவியல், இயன்முறை மருத்துவம், எதுவானாலும் சரி. விளையாட்டு மேலாண்மை முதுகலையில் வரட்டும். இளங்கலையிலேயே அந்தப் பெயரில் சேர்ந்தால்தான் ஆகும் என்றால், பாடத்திட்டத்தில் புள்ளியியலும் நிதியியலும் எத்தனை பருவங்கள் இருக்கின்றன என்று பாருங்கள். ஒரே ஒரு தாள் என்றால் யோசிக்க வேண்டியதுதான். பயிற்சிப் பணிக்கு எங்கே அனுப்புகிறார்கள் என்றும் கேளுங்கள். போட்டி நாளில் வாசலில் நிற்க மட்டும் அனுப்புகிற கல்லூரிகள் உண்டு. ஒரு கிளப்பின் அலுவலகத்தில் உட்கார்ந்து உறுப்பினர் புதுப்பிப்பு, நேர ஒதுக்கீடு, மின்கட்டணம் எல்லாம் பார்க்க வைக்கிற கல்லூரிகளும் உண்டு. பழைய மாணவர்கள் இரண்டு மூன்று பேரிடம் நேரடியாகப் பேசாமல் பணம் கட்டாதீர்கள்.

அதற்கு முன்னால், இந்த விடுமுறையில் அருகிலுள்ள ஏதாவது ஒரு பயிற்சி மையத்தில் மகள் போய் உதவி செய்யட்டும். ஆடுகிற இடத்தில் வேண்டாம், வரவேற்பு மேசையில். யார் எந்த நேரத்தில் வருகிறார்கள், யார் மூன்றாவது மாதமே நின்றுவிடுகிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். அப்புறம் நீங்கள் பார்த்துவைத்திருக்கிற கல்லூரிகளின் பாடத்திட்டங்களோடு அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு மகளோடு வாருங்கள், மூவரும் உட்கார்ந்து பேசுவோம்.