காலிக் கட்டம்

அன்புள்ள ஐயா,

சேலத்தில் ஒரு நாளிதழில் இரண்டு ஆண்டுகளாக நிருபராக இருக்கிறேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணைகளையும் துணை சுகாதார நிலையங்களின் பிறப்புக் கணக்கையும் கணினியில் சேர்த்து, மாவட்டத்தில் எங்கெங்கே பெண் குழந்தைகள் குறைவு என்று வண்ண வரைபடம் ஒன்று செய்து இணைத்திருக்கிறேன். ஏற்காட்டு மலையில் சில ஊர்களில் ஓராண்டில் ஒரு பிறப்பும் இல்லை என்று வந்தது. அதையே தலைப்பாக்க எண்ணுகிறேன். மூத்தவர்களோ இது நிருபர் வேலையே அல்ல என்கிறார்கள். பைத்தான் என்ற கணினி நிரல்மொழியைக் கற்க நேரம் செலவிடலாமா? செயற்கை நுண்ணறிவு வந்தபின் எங்கள் வேலை மிஞ்சுமா?

க., அம்மாப்பேட்டை

அன்புள்ள தம்பிக்கு,

பைத்தானைக் கற்றுக்கொள்ளுங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. மூத்தவர்களின் பேச்சை மனதில் ஏற்ற வேண்டாம். செயற்கை நுண்ணறிவைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். வரைபடத்தில் நம் ஆத்தூருக்கு நேராகத் திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூரின் எண் வந்து விழுந்திருக்கிறது, திருத்திவிடுங்கள். என்னை இரவெல்லாம் விழிக்க வைத்தது ‘ஒரு பிறப்பும் இல்லை’ என்ற அந்த ஒரு வரிதான்.

அந்த ஊர்களில் ஒன்றுக்காவது போனீர்களா? இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. இரண்டு ஆண்டு நிருபர் வேலையில் அதற்கு ஒரு காலைப்பொழுது கிடைக்கவில்லையா?

1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கப்பட்டு, பெண்சிசுக் கொலையைப் பற்றி ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலத்தில் நான் பகுதிநேர நிருபர். சேர்வராயன் மலையில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் பிறப்புப் பதிவேட்டைப் பார்த்து எழுதிக்கொள்ள அனுமதி கிடைத்தது. பென்சிலால் கோடிட்ட கட்டங்கள், நீல மையில் சாய்ந்த கையெழுத்து. ஓரிடத்துக்குப் பிறகு பதினொரு மாதங்களுக்கு நேராக எதுவுமே எழுதப்படவில்லை. கூட்டுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று, என் குறிப்பேட்டில் அந்தப் பதினொரு இடங்களிலும் சுழியம் போட்டுக்கொண்டேன். அந்தக் கணக்கோடுதான் செய்தியும் அச்சாயிற்று.

மறுமாதம் அதே ஊருக்குள் நடந்து போனபோது, காப்பித் தோட்ட வேலை முடிந்து வந்த ஒரு பாட்டி, பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வழியில் நின்று பேசினார். குழந்தைக்கு எட்டு மாதம் இருக்கும். நர்சம்மா மாற்றலாகிப் போய் ஒரு வருடமாயிற்று, வேறு ஆள் வரவில்லை என்றார். பதிவேட்டில் இந்த ஊருக்குப் பிறப்பே இல்லை என்று நான் சொன்னதும், பேத்தியின் தலையைத் தடவியபடி, “அப்போ இவ எழுத்துல இல்லீங்களா? நாளைக்கு இவளுக்கு ஒண்ணுன்னா யாருக்கு சாமி தெரியும்?” என்று கேட்டார். பெண் குழந்தைகள் சாகிறார்கள் என்று எழுதப்போனவன், உயிரோடு இருந்த ஒரு பெண் குழந்தையைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த வெட்கம் இன்றுவரை போகவில்லை.

சுழியம் என்றால் எண்ணிப் பார்த்தோம், இல்லை என்று பொருள். காலிக் கட்டம் என்றால் எண்ண ஆளே வரவில்லை என்று பொருள். எக்செல்லில் கூட்டும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். சராசரி எடுத்தால், சுழியத்தைச் சேர்த்துக்கொண்டு காலிக் கட்டத்தை விட்டுவிடும். பைத்தானிலோ, அட்டவணையின் காலிக் கட்டங்கள் அத்தனையிலும் ஒரே கட்டளையில் சுழியத்தை நிரப்பிவிடலாம். அந்தக் கட்டளையை நீங்கள் போட்டீர்களா? போட்டிருந்தால், நான் பதினொரு இடத்தில் பேனாவால் செய்த பிழையை நீங்கள் ஒரு நொடியில் மாவட்டம் முழுவதற்கும் செய்திருக்கிறீர்கள். செவிலியர் இல்லாத ஊரில்தான் குழந்தை செத்தாலும் வெளியே தெரியாது. உங்கள் வரைபடத்தில் கவலையற்ற ஊராக வெளுத்துக் கிடப்பதும் அதே ஊர்தான்.

கணினியைக் கொண்டு செய்தி எழுதியதற்கு எல்லோரும் அமெரிக்காவின் டெட்ராயிட் நகரைச் சொல்வார்கள். 1967 கலவரத்துக்குப் பிறகு, படிக்காதவர்களே கலவரம் செய்தார்கள் என்ற பேச்சைப் பிலிப் மேயர் என்ற நிருபர் ஐபிஎம் கணினியின் துணையோடு பொய்யாக்கினார். கல்லூரிக்குப் போனவர்களும் பள்ளிப் படிப்பை விட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் அதில் இருந்தார்கள். ஆனால் கலவரம் நடந்த பகுதியில் வீடு வீடாகப் போய் ஆட்கள் கேட்டு எழுதி வந்த விடைகளைத்தான் அந்த இயந்திரம் எண்ணியது. சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரை, ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 2001இல் 851, 2011இல் 916 என்று நீங்கள் எடுத்தாண்டிருக்கும் எண்களும் கணக்கெடுப்புக்குப் போன ஆசிரியர்கள் வாசல் வாசலாக நின்று எழுதியவைதான்.

வரும் சனிக்கிழமை முதல் பேருந்தில் ஏறுங்கள். பதிவேட்டைக் கேட்டு வாங்கி, கடைசியாக எழுதிய கை எந்த மாதத்தோடு நின்றது என்று பாருங்கள். பிறகு அங்கன்வாடிக்குப் போய், குழந்தைகளின் எடை எழுதும் பதிவேட்டில் அந்த ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணி, உங்கள் சுழியத்துக்குப் பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள். அதுவரை அந்தத் தலைப்பை அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

அன்புடன்.