286 கணினிக்கு இலவச கம்பைலர் எது?

கேள்வி: டிஜேஜிபிபி என்ற இலவச கம்பைலரில் (எழுதிய நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) நான் உருவாக்கிய சிறு சி நிரல், புதிய கணினியில் டாஸைப் பாவனை செய்யும் டாஸ்பாக்ஸில் ஓடுகிறது, டாஸ் நிறுவிய என் பழைய 286 கணினியிலோ ஓட மறுக்கிறது. டாஸுக்கும் விண்டோஸ் 3.1க்கும் பொருந்தும் இலவச கம்பைலர் உண்டா?

பதில்: உங்கள் நிரலில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை. டிஜேஜிபிபி டாஸுக்கானதுதான் என்றாலும், அது உருவாக்குவது 386 அல்லது அதற்குப் பிந்தைய செயலியில் மட்டுமே இயங்கும் 32 பிட் நிரல். உங்கள் 286 அதற்கு முந்தைய 16 பிட் செயலி. டாஸ்பாக்ஸ் குறைந்தது ஒரு 386 செயலியைப் பாவனை செய்வதால், இந்த வேறுபாடு அங்கே வெளிப்படுவதில்லை.

உங்கள் தேவைக்கு நான் முதலில் பரிந்துரைப்பது ஓப்பன் வாட்காம். வணிகப் பொருளாக விற்கப்பட்ட இந்த கம்பைலர் பின்னர் மூலநிரலோடு திறந்துவிடப்பட்டு, 2003இல் அதன் 1.0 பதிப்பு வெளியானது. இன்றைய விண்டோஸிலோ லினக்ஸிலோ அமர்ந்தபடியே டாஸ், விண்டோஸ் 3.1, ஓஎஸ்/2 என்ற பழைய இயங்குதளத்தின் 1.x பதிப்புகள் ஆகிய மூன்றுக்கும் இதில் 16 பிட் நிரல்களை உருவாக்கலாம், விண்டோஸ் 3.1க்கு வேண்டிய தலைப்புக் கோப்புகளும் நூலகங்களும் உடன் வருவது பெரிய வசதி. ஆனால், 'டபிள்யூசிஎல்' என்ற கட்டளைதான் 16 பிட் நிரலைத் தரும் என்பதையும், பெயரின் இறுதியில் 386 சேர்ந்த கட்டளை மீண்டும் உங்களைப் பழைய சிக்கலிலேயே கொண்டுபோய் விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

புதிய கணினியில் பழகியவர்கள் தடுமாறும் இடம் நினைவகம். இங்கே 'இன்ட்' என்ற முழு எண் வகை 16 பிட் மட்டுமே என்பதால் 32,767ஐத் தாண்டும் எண்ணுக்கு 'லாங்' வகை தேவை. நிரல் நினைவகத்தைப் பயன்படுத்தும் முறையை 'நினைவக மாதிரி' என்பார்கள்; 'ஸ்மால்' மாதிரியில் கட்டளைகளுக்கு 64 கிலோபைட், தரவுக்கு 64 கிலோபைட் என்பதே எல்லை. சிறு நிரலுக்கு அது தாராளமாகப் போதும், வேகமும் கிடைக்கும். தரவு பெருகினால் மட்டும் 'காம்பாக்ட்' அல்லது 'லார்ஜ்' மாதிரிக்கு மாறுங்கள்.

பழைய கணினியிலேயே நிரல் எழுத விரும்பினால், போர்லாண்ட் நிறுவனம் பின்னாளில் இலவசமாக வழங்கிய டர்போ சி 2.01 அல்லது டர்போ சி++ 1.01 நன்றாக உதவும். பலரும் தேடும் டர்போ சி++ 3.0 அப்படி வழங்கப்பட்டதன்று. பாஸ்கல் அறிந்தவர்களுக்கு ஃப்ரீ பாஸ்கல் கம்பைலரில் 3.0 முதல், 286க்கும் முந்தைய 8086 செயலியின் டாஸுக்கான ஆதரவு இருக்கிறது.

இனிச் சோதனைக்கு, டாஸ்பாக்ஸிலிருந்து கிளைத்த டாஸ்பாக்ஸ்-எக்ஸைப் பயன்படுத்துங்கள். அதன் அமைப்புகளில் செயலி வகையை 286 என்று வைத்துவிட்டால், 386க்கான கட்டளை ஏதேனும் நிரலில் நுழைந்திருப்பின், பழைய கணினிக்குக் கொண்டுபோகும் முன்பே தெரிந்துவிடும்.