வாசகர் கேள்வி – பதில்: அம்மாவுக்கு ஒரு நினைவு மலர்

கேள்வி (சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகி): அம்மா 87 வயதில் சிவபதமடைந்தார். 31ஆம் நாளுக்கு நினைவு மலர் அடிக்க வேண்டும். வாழ்க்கைக் குறிப்பு எழுத உட்கார்ந்தால் "கணவனே கண்கண்ட தெய்வமாக" என்பதற்கு மேல் பேனா ஓடவில்லை. மிச்சமெல்லாம் அண்ணன்மாரின் பட்டமும் பதவியுமாகவே வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: பெண்களுக்காக வெளியாகும் மலர்கள் பலவற்றின் கோளாறே அதுதான். பிறந்த ஊர், தகப்பன் பெயர், கைப்பிடித்தவர், பிள்ளைகளின் உத்தியோகம் என்று போகும். பெயரை மாற்றினால் அடுத்த வீட்டு அம்மாவுக்கும் பொருந்தும். 'அன்பே உருவான', 'பொறுமையின் சிகரம்' எல்லாவற்றையும் முதலில் வெட்டிவிட்டு, அந்த இடத்தில் அவர் செய்த வேலைகளை எழுதுங்கள்.

பிள்ளைகள் அறிந்தது தாயின் பின்பாதி மட்டுமே. முன்பாதிக்குச் சின்னம்மா, மாமி, மச்சாள்மார், கூடப் படித்தவர்கள் என்று இருப்பவர்களிடம் போங்கள். "அம்மா எப்படிப்பட்டவ?" என்றால் "தங்கமான மனுசி" என்பார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். காலையில் எழும்பினால் முதல் வேலை என்ன, சீட்டுக் காசை யாரிடம் கட்டினா, காப்பை அடகு வைத்தது எதற்கு, எப்போது மீட்டா என்று கேளுங்கள். ஆண்டு நினைவில்லை என்றால் 1964 டிசம்பர்ப் புயலுக்கு முன்னா பின்னா, 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது எந்த வீட்டில் இருந்தீர்கள், 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் அம்மா எதைத் தூக்கிக்கொண்டு நடந்தா என்று கேளுங்கள். காலம் தானாக வரிசைக்கு வந்துவிடும். அனுமதி பெற்றுக் கைபேசியில் பதிவுசெய்யுங்கள். குறிப்பெடுக்கக் குனிந்தால் பேசுகிறவருக்குச் சுருதி போய்விடும்.

அவர் கைப்பக்குவம் ஒன்றையும் அளவோடு சேருங்கள். ஒடியல் கூழ் என்றால் மாவை எவ்வளவு நேரம் ஊறவிட்டா, தெளிந்த நீரை எத்தனை தரம் வடித்தா என்பதுதான் முக்கியம், வடிக்காவிட்டால் கசக்கும். சுண்டு என்ற அளவுப் பாத்திரத்தால் அளந்தவ என்றால் அந்தச் சுண்டையே எடுத்து நிரப்பி, நிறுத்து, கிராமில் எழுதுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பேத்திக்குச் சுண்டு கிடைக்காது.

அச்சு விடயம் சுருக்கமாக. நடுவில் கம்பி அடிக்கும் புத்தகத்தில் பக்கங்கள் நான்கின் மடங்காக வரவேண்டும். 18 பக்கம் எழுதினால் இரண்டு வெறும் பக்கம் நிற்கும். பழைய படங்களைக் கைபேசியில் படம்பிடிக்காமல் 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யுங்கள். அச்சுக்கு 300 போதும், ஆகவே சின்னப் படத்தை இருமடங்கு பெரிதாக்கலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், கோப்பாக அனுப்ப வேண்டும். பாமினி எழுத்துருவுக்கும் யுனிகோட்டுக்கும் இடையில் மாற்றும்போது எழுத்துகள் பிசகலாம்; மாற்றிய பிறகு பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். 20ஆம் நாளுக்குள் எழுத்து அச்சகத்துக்குப் போகாவிட்டால் பிழை திருத்த நேரமிராது.

கேள்வி (கரவெட்டி வாசகர்): மலருக்காக, இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பாவில் அம்மாவின் பெயர் 'அன்னலட்சுமி' அமையவில்லை என்கிறார் புலவர். சாக்குப்போக்கா?

பதில்: இல்லை, அவர் சொல்வது சரி. அன்/னலட்/சுமி என்று அசை பிரித்தால் நேர்-நிரை-நிரை, கூவிளங்கனி என்ற கனிச்சீர். வெண்பாவில் கனிச்சீர் வரக்கூடாது. 'அன்ன லட்சுமி' என்று இரண்டாக உடைத்தாலும் 'அன்ன' மாச்சீர். அதன்பின் நிரையசை வரவேண்டும், 'லட்' நேரசையாக நிற்கிறது, தளை (சீருக்குச் சீர் உள்ள ஓசைக் கட்டு) தட்டும். 'அன்னமெனும்' என்று எழுதச் சொல்லுங்கள், கூவிளங்காய் என்ற காய்ச்சீர், தடையில்லை. முழுப்பெயர் தலைப்பில் இருக்கட்டும். ஆண்டு, மாதம், பட்சம், திதி நான்கும் வெண்பாவுக்குள் வந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஓசைக்காகப் பட்சத்தை விட்டுவிட்டால் அந்த வெண்பாவால் பயனே இல்லை. வளர்பிறைப் பஞ்சமியா தேய்பிறைப் பஞ்சமியா என்று பேரப்பிள்ளைகள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

கேள்வி (கொழும்பு வாசகி): அம்மாவின் சாதகத்தில் ஈஸ்வர வருடம் தை மாதம். அடையாள அட்டையில் 1937. எதைப் போடுவது?

பதில்: ஈஸ்வர வருடம் 1937 ஏப்ரல் நடுவில் பிறந்தது. அதன் தை மாதம் 1938 ஜனவரி நடுவில்தான் தொடங்கும். ஈஸ்வர என்றால் 1937 என்று யாரோ வருடத்தை மட்டும் மாற்றியிருக்க வேண்டும். தை, மாசி, பங்குனியில் பிறந்தவர்களுக்கு இந்தத் தவறு எளிதாக நேரும். சாதகம் சரியென்றால் 1938 என்றே போடுங்கள். பிறந்த நேரத்தையும் பாருங்கள்: சூரிய உதயத்துக்கு முன் பிறந்திருந்தால் பஞ்சாங்க முறையில் அது முந்தைய நாள் கணக்கு, ஆங்கிலத் தேதி ஒன்று கூடும்.

கேள்வி (டொரொன்டோ வாசகர்): அம்மா இங்கே 12ஆம் தேதி இரவு 9 மணிக்குக் காலமானார். யாழ்ப்பாணப் பஞ்சாங்கத்தில் 12ஆம் தேதித் திதியைப் பார்த்தோம். சரிதானே? விரதம் ஆடி அமாவாசைக்கா?

பதில்: தவறாகியிருக்கலாம். திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான கோணம், 12 பாகைக்கு ஒரு திதி. ஒரு கணத்தில் உலகமெங்கும் ஒரே திதிதான் நடக்கும், தேதியின் பெயர்தான் ஊருக்கு ஊர் மாறும். கோடையில் டொரொன்டோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. கோடையென்றால் உங்கள் இரவு 9 மணி அங்கே 13ஆம் தேதி காலை 6.30. அந்த நேரத்துத் திதியைப் பாருங்கள், அல்லது டொரொன்டோவுக்குக் கணித்த பஞ்சாங்கத்தை எடுங்கள். ஆண்டுத் திவசத்துக்கு இரண்டாவதே வசதி, ஏனென்றால் அனுட்டிக்கும் நாள் இரு ஊர்களிலும் ஒரு நாள் முன்பின்னாகலாம்.

விரதத்தைப் பொறுத்தவரை, ஈழத்துச் சைவர் வழக்கில் ஆடி அமாவாசை தகப்பனை இழந்தவர்களுக்கு, தாயை இழந்தவர்களுக்குச் சித்திரா பௌர்ணமி. தமிழ்நாட்டில் ஆடி அமாவாசையைப் பிதிரர் எல்லோருக்கும் பொதுவாகக் கொள்வதால் குழப்பம் வருகிறது.

கேள்வி (அதே வாசகர்): மலர்கள் மிஞ்சிவிட்டன. என்ன செய்யலாம்?

பதில்: ஊர் வாசிகசாலைக்கு இரண்டு கொடுங்கள். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம (டிஜிட்டல்) நூலகம் நினைவு மலர்களையும் சேர்த்து வைக்கிறது, அங்கே ஒன்று அனுப்புங்கள். அதற்கு முன் வீட்டு முகவரியும் தொலைபேசி எண்களும் உள்ள நன்றி நவிலல் பக்கத்தை எடுத்துவிடுவது நல்லது.