ஒப்பந்தச் சட்டத்துக்கு எந்தப் புத்தகம்?

கேள்வி: சட்டம் முதலாண்டு படிக்கிறேன். ஒப்பந்தச் சட்டத்துக்குத் தடிமனான பாடநூல்தான் வேண்டும் என்கிறார் ஒரு சீனியர், கைடு போதும் என்கிறார் இன்னொருவர். எதை வாங்க?

பதில்: இரண்டு பேர் சொன்னதையும் தள்ளிவையுங்கள். நூலகத்தில் நாலைந்து பாடநூல்களை எடுத்து, எல்லாவற்றிலும் ஒரே இடத்தைப் படித்துப் பாருங்கள், உதாரணமாகத் தபாலில் அனுப்பும் சம்மதம். 1818இல் ஆடம்ஸ் எதிர் லிண்ட்செல் என்ற இங்கிலாந்து வழக்கு. கம்பளி விற்கிறோம் என்று எழுதிய கடிதம் முகவரி பிசகித் தாமதமாகப் போய்ச் சேர, வாங்குபவர் அன்றே சம்மதம் எழுதித் தபாலில் போட்டுவிட்டார், ஆனால் அது கைக்கு வருவதற்குள் விற்பவர் கம்பளியை வேறொருவருக்கு விற்றுவிட்டார். கடிதத்தைத் தபாலில் போட்டபோதே ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்றது நீதிமன்றம்.

கைடில் இந்தக் கடைசி வரி மட்டும்தான் இருக்கும். நல்ல பாடநூல் ஏன் அப்படி என்று விளக்கும், கடிதம் வழியில் தொலைந்தால் நஷ்டம் யாருக்கு என்று கேட்கும், டெலக்ஸ் (தட்டச்சு செய்ததை அப்போதே மறுமுனையில் அச்சிட்டுத் தரும் பழைய கருவி) போல உடனுக்குடன் போய்ச் சேரும் வழிகளுக்கு இந்த விதி பொருந்தாது என்று 1955இல் வந்த என்டோரஸ் என்ற இங்கிலாந்து வழக்கின் தீர்ப்பு வரை கொண்டுபோய்விடும். தேர்வில் ஒரு கதையைக் கொடுத்துத் தீர்வு கேட்கும்போது கைகொடுப்பது இதுதான்.

அப்புறம், உங்கள் நாட்டுச் சட்டத்தை வைத்து எழுதியதா, கடைசிப் பதிப்பா என்று பாருங்கள். கைடு? தேர்வுக்கு முந்தைய வாரம் புரட்ட வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.